ஒரு சாண் ரகசியம்

கம்பெனி ரகசியத்தை வெளியே விட்டவன் தப்பித்ததாக உலக சரித்திரத்தில் எங்கேயும் எழுதப்படவில்லை. தப்பித்தவன் யாரும் வந்து 'என் பேரையும் எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லாததால் அப்படி இருக்கலாம் என்று சிலர் குதர்க்கம் பேசுவார்கள். அவர்களை விட்டுவிடுவோம். அந்தக் குடைக் கம்பெனியில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தில் சந்தேகமே வராது. ரகசியம் வெளியே போனது ஒரு வெள்ளிக்கிழமை தெரிய வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் ஆள் பிடிபட்டுவிட்டார். அந்தக் கம்பெனி ஒரு வாரத்துக்குள் முடித்துக் கொடுத்த ஒரே வேலை அதுதான்.

இந்தப் பெருமையில் பெரும்பங்கு ஒரே மனிதருக்குச் சேரும். கம்பெனியில் அவருக்குப் பெயர் 'பூட்டு'. முகத்துக்கு நேரே என்றால் 'பூட்டு சார்'. ஐம்பத்தோரு வயது. அதில் இருபத்து மூன்று வருஷம் ஸ்டோர் கீப்பர். கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து குடைக்கம்பி, கைப்பிடி, பொத்தான், நூல்கண்டு எல்லாவற்றையும் சீட்டு எழுதி வெளியே அனுப்பியவர். சீட்டில் ஐந்து கட்டம் இருக்கும். என்ன பொருள், எத்தனை, கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், தேதியும் நேரமும். கீழே கையெழுத்து. ஐந்து கட்டமும் நிரம்பாமல் ஒரு ஊசிகூட அவரைத் தாண்டிப் போனதில்லை. ஒரு தடவை பின்கட்டில் தீப்பிடித்து, தண்ணீர் வாளி கேட்டு ஓடி வந்தவரிடம் 'எத்தனை வாளி?' என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் கொடுத்தார் என்று சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகம். வாளியைக் கொடுத்துவிட்டுத்தான் எழுதினார்.

அப்படிப்பட்டவர் கம்பி வலையை விட்டு வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு கருத்தரங்கு. முதலாளி ஒரு பெரிய ஓட்டலில் நடந்த அந்தக் கருத்தரங்குக்குப் போனார். தலைப்பு, 'தகவல் கசிவு: உங்கள் நிறுவனத்தின் அடியில் ஓர் ஓட்டை'. காலையில் சாதாரண மனிதராகப் போனவர் சாயங்காலம் கழுத்தில் அட்டை தொங்க, கையில் தோல் பையோடு, யாரையும் நம்பாதவராகத் திரும்பி வந்தார். மறுநாளே 'ரகசியக் காப்பு அலுவலர்' என்று ஒரு பதவி உண்டானது.

"உன்கிட்டேருந்து ஒரு பொத்தானை வாங்கவே அரை மணி நேரம் ஆகுதுய்யா. ரகசியம் எப்படி வரும்? அதான் உன்னைப் போடறேன்," என்றார் முதலாளி.

பூட்டுக்குக் கதவு வைத்த அறை கிடைத்தது. கதவில் 'அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது' என்று பலகை. அனுமதி கொடுக்க வேண்டியவர் யார் என்று யாரும் முடிவு செய்யாததால் முதல் மூன்று நாள் டீகூட உள்ளே வரவில்லை. அறைக்குள் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பச்சை பீரோ. ரகசியம் பீரோவுக்குள் இருந்தது. சாவி முதலாளியிடம் இருந்தது. பூட்டின் வேலை பீரோவைப் பார்த்துக்கொண்டிருப்பது.

ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவர் கேட்டார். "சார், உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா இன்னும் நல்லா காப்பாத்துவேன்."

"தெரிஞ்சுட்டா அப்புறம் உன்னைக் காப்பாத்த ஒரு ஆளு போடணும். அவனுக்கு ஒரு ரூமு. விடுய்யா," என்றார் முதலாளி. கருத்தரங்கில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

பதவி ஆறு மாசத்துக்குத் தற்காலிகம். வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகப் பேச்சு. வீட்டில் அதற்குள்ளேயே நிரந்தரமாகிவிட்டது. காலேஜில் கடைசி வருஷம் படிக்கிற மகள் கூடப் படிக்கிறவர்களிடம் 'எங்கப்பா ஸ்டோர்ல இருக்காரு' என்று சொல்வதை நிறுத்தி, 'எங்கப்பா ஆபீசர்' என்று சொல்ல ஆரம்பித்தாள். அதை அவள் போனில் சொன்னபோது பூட்டு பக்கத்து அறையில் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். அன்றைக்கு ஒரே பக்கத்தை நாற்பது நிமிஷம் படித்தார்.

மனைவி மட்டும் அவ்வளவு சீக்கிரம் அசரவில்லை.

"ஏங்க, ஆபீசுல அப்படி என்னத்தைத்தான் காப்பாத்தறீங்க?"

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது."

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்களேன். கௌரவம் ஒண்ணும் குறைஞ்சிடாது."

இருபத்தாறு வருஷம் கூட இருந்தவருக்கு இதுகூடத் தெரியாமலா போகும்.

இப்படி மூன்று மாசம் பீரோ பத்திரமாக இருந்தது. நான்காம் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஊரெல்லாம் பஸ் நிறுத்தங்களில் எதிர்க் கம்பெனியின் விளம்பரம் முளைத்தது. 'முதுகு நனையாத குடை!' படத்தில் ஒரு பெண் முதுகில் பையோடு மழையில் நடக்கிறாள். குடை முன்பக்கம் வழக்கம் போல இருக்கிறது. பின்பக்கம் மட்டும் ஒரு சாண் நீளமாக இறங்கி பையை மூடுகிறது.

முதலாளி அறையில் அவசரக் கூட்டம். முதலாளி, மனிதவள மேலாளர் அம்மா, பூட்டு. கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, ஃபேனையும் நிறுத்தினார்கள். ஃபேன் சத்தத்தில் ரகசியம் பேசினால் காதில் விழாது என்று கூட்டத்தின் முதல் தீர்மானம்.

"என் மூளையில உதிச்சது பஸ் ஸ்டாப்புல நிக்குதுய்யா!" முதலாளி வேர்வையைத் துடைத்துக்கொண்டார். "நம்மாளு எவனோ தூக்கிக் கொடுத்திருக்கான். நீதான் கண்டுபிடிக்கணும்."

"எதைத் தூக்கிக் கொடுத்தான்னு தெரிஞ்சாதானே சார் கண்டுபிடிக்க முடியும்?"

நியாயமான கேள்வி. முதலாளியும் மேலாளரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மேலாளர் காதைப் பொத்திக்கொண்டார். முதலாளி குனிந்து பூட்டின் காதில் சொன்னார்.

"பின்பக்கம் ஒரு சாண் நீளம்."

பூட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். மேற்கொண்டு எதுவும் வரவில்லை.

"அப்புறம் சார்?"

"அவ்வளவுதான்யா."

"ஓ," என்றார் பூட்டு. மூன்று மாசமாக மதியம் சாப்பாட்டுக்குப் போகும்போதுகூட பீரோவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனவர் அவர்.

"அடுத்த வெள்ளிக்குள்ள ஆளு என் முன்னாடி நிக்கணும். நின்னா உன் பதவி நிரந்தரம். ஆர்டர்ல அன்னிக்கே கையெழுத்து."

"நிக்கலைன்னா திரும்ப ஸ்டோருக்கா சார்?"

"ஸ்டோர்ல வேற ஆளு போட்டாச்சேய்யா."

மேலாளர் அம்மா காதிலிருந்து கையை எடுத்துவிட்டு, கனிவாக விளக்கினார். "அதாவது சார், அங்கயும் உங்களுக்கு நாற்காலி இல்ல. இங்கயும் இருக்காது. நிக்கறதுக்கு வேணா இடம் இருக்கும், கேட்டுக்கு வெளிய."

பூட்டு அறைக்கு வந்து உட்கார்ந்து யோசித்தார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஸ்டோரில் ஒரு பொருள் குறைந்தால் சீட்டுகளை எடுத்து, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பின்னோக்கிப் போனால் போதும், ஆள் கிடைத்துவிடுவான். ரகசியமும் ஒரு பொருள்தானே? சனிக்கிழமை காலையிலேயே புதுச் சீட்டு அச்சாகி வந்தது. பொருள்: ரகசியம். எண்ணிக்கை: ஒன்று. கொடுத்தவர். வாங்கியவர். தேதி, நேரம். கையெழுத்து.

மேலாளர் அம்மா சீட்டைப் பார்த்து, "இந்த மாதிரி வெளிநாட்டுலகூடக் கிடையாது சார்," என்றார். அது உண்மை.

கம்பெனியில் இருந்த எல்லாரையும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவது என்று முடிவானது. முதல் ஆள் கேட் காவலாளி.

"சார், எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"எது தெரியாது?"

"எதுன்னே தெரியாது சார்."

"அப்படி எழுத முடியாதுப்பா. இன்னது தெரியாதுன்னு எழுதணும். எது தெரியாதுன்னே உனக்குத் தெரியலைன்னா, தெரியாதுன்னு நீ எப்படி உறுதியா சொல்ற?"

காவலாளி யோசித்துப் பார்த்தார். ஒரு மாதிரி சரி என்றுதான் பட்டது. "அப்ப நீங்களே சொல்லிடுங்க சார். தெரியுமா தெரியாதான்னு பார்த்துச் சொல்றேன்."

பூட்டு எழுந்து கதவைச் சாத்தி, அவர் காதில் சொன்னார். "பின்பக்கம் ஒரு சாண் நீளம்."

"எதுக்குப் பின்பக்கம் சார்?"

"குடைக்கு."

"அவ்வளவுதானா?"

"தெரியுமா, தெரியாதா?"

"சத்தியமா தெரியாது சார்."

"இப்பத் தெரியுமா?"

"இப்பத் தெரியும்."

"யாரு சொல்லித் தெரியும்?"

"நீங்கதான் இப்ப சொன்னீங்க."

"அதை எழுது. 'கொடுத்தவர்'ங்கற கட்டத்துல என் பேரு. நேரம் ஒன்பது பத்து. கையெழுத்து போடு."

காவலாளி போட்டார். பூட்டு சீட்டைக் கோப்பில் செருகி, தன் கையால் எண் ஒன்று என்று போட்டார். விசாரணை சுத்தமாகத் தொடங்கியதில் அவருக்கு மனசு நிறைந்தது.

சனிக்கிழமை முடிவதற்குள் நாற்பத்தெட்டுப் பேர். திங்கட்கிழமை வெளியே வரிசை நின்றது. வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா? உள்ளே போய் வந்தவர்கள் கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துக் காட்ட, பின்னால் நின்றவர்கள் சிரிக்க, கேன்டீன் வரைக்கும் சாண் போய்விட்டது. பொத்தான் பிரிவு ஆள் உள்ளே வந்ததும் வராததுமாக, "பின்னாடி ஒரு சாண் நீளம், அதானே சார்?" என்றார்.

பூட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆள் கிடைத்துவிட்டான்!

"யாரு சொன்னது?"

"வெளிய லைன்ல பேசிக்கிட்டாங்க."

பூட்டு பெருமூச்சு விட்டார். "லைன்ல பேசறதெல்லாம் செல்லாதுப்பா. அதை மறந்துடு. மறந்தாச்சா?"

"மறந்துட்டேன் சார்."

"இப்ப முறைப்படி நான் சொல்றேன், கேட்டுக்க. பின்பக்கம் ஒரு சாண் நீளம். எழுது, கொடுத்தவர்..."

"நீங்கதான்."

செவ்வாய்க்கிழமை தையல் பிரிவு அக்கா வந்தார். முப்பது வருஷமாகக் குடைத்துணி தைக்கிறவர். பூட்டு ஸ்டோரில் இருந்தவரைக்கும் அவரைத் 'தம்பி' என்று கூப்பிட்டவர், கதவு வைத்த அறை வந்த பிறகு 'சார்' என்று மாற்றிக்கொண்டிருந்தார். அந்தச் 'சார்' கொஞ்சம் இழுவையாக இருக்கும்.

விஷயத்தைக் காதில் வாங்கியதும் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டார்.

"இதைத்தான் பீரோல வச்சுப் பூட்டியிருந்தீங்களா சார்? நாங்கதானே தைச்சோம், மாதிரிக்கு நாலு பீஸு!"

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" பூட்டு பேனாவைத் திறந்தார்.

"தைச்சது தெரியும். அது ரகசியம்னு யாரு சொன்னா? துணி வெட்டுறவன் தப்பா வெட்டிட்டான்னு நாங்க பன்னெண்டு பேரும் அவனைத் திட்டித் தீர்த்தோம். அவன் பாவம், அளவு தப்பா குடுத்துட்டாங்கன்னு மேல இருக்கறவங்களைத் திட்டினான்."

"வெளிய யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்றது? எங்க கம்பெனியில ஒரு குடையைக்கூட நேரா வெட்டத் தெரியலன்னா? நாளைக்கு எங்களுக்கு எவன் வேலை குடுப்பான்?"

பூட்டு ரொம்ப நேரம் யோசித்து, 'பொருள்' என்ற கட்டத்தில் 'குடை நீளம் என்பது ரகசியம் என்ற ரகசியம்' என்று எழுதினார். கொடுத்தவர் கட்டத்தில் மறுபடியும் தன் பெயர்தான் வந்தது.

புதன்கிழமை மத்தியானம் கடைசி ஆள். முதலாளியின் கார் டிரைவர். நாற்பத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் ஒரு மஞ்சள் துணி. பூட்டு காதருகே போனபோது அவர் சட்டென்று தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"அந்தக் காது வேணாம் சார். இந்தக் காதுல சொல்லுங்க. அதுல இன்னும் வலிக்குது."

"என்ன ஆச்சு?"

"குடைக்கம்பி குத்திடுச்சு சார்."

"குடைக்கம்பி எப்படிக் காதுல குத்தும்? மழையே இல்லையே."

"கார்ல சார்." டிரைவர் மஞ்சள் துணியை மடித்தார், பிரித்தார். "போன மாசம் முதலாளியை கிளப்புலேருந்து கூட்டிட்டு வந்தேன். கூட எதிர்க் கம்பெனி முதலாளியும் ஏறினாரு, அவரு வண்டி ரிப்பேருன்னு. ரெண்டு பேரும் வாரத்துல மூணு நாளு ஒண்ணாத்தான் நீச்சலடிக்கறாங்க. பேச்சு வாக்குல அவரு, 'குடையில இனிமே புதுசா பண்றதுக்கு என்னய்யா இருக்கு'ன்னுட்டாரு. நம்ம முதலாளிக்கு வந்துச்சே ரோஷம்! காலடியில வச்சிருந்த குடையை எடுத்து பின் சீட்டுலயே படக்குனு விரிச்சுட்டாரு. 'பாரு, இது என்ன பாரு'ன்னு. முன்பக்கம் என் பக்கம் வந்திருந்தா என் காது தப்பிச்சிருக்கும் சார். நீளப் பக்கம்தான் என் பக்கம் வந்துச்சு."

அவர் தலையைத் திருப்பிக் காட்டினார். காது மடலில் சின்னதாக ஒரு கறுத்த தழும்பு.

பூட்டு தன் நாற்காலிக்குத் திரும்பினார். முறை தவறக் கூடாது. சீட்டை எடுத்து வைத்தார். பொருள்: ரகசியம். எண்ணிக்கை: ஒன்று. கொடுத்தவர்: முதலாளி. வாங்கியவர்: எதிர்க் கம்பெனி முதலாளி. தேதி: போன மாசம் பதினேழு. நேரம்: சாயங்காலம் ஆறேகால். பார்த்தவர் என்று ஒரு கட்டம் புதிதாகக் கோடு போட்டு, காதுக் காயத்தையும் குறித்துக்கொண்டார். டிரைவர் கையெழுத்து போட்டார். போட்ட பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது.

"சார், இதை உள்ள வச்சுடாதீங்க. நாளைக்கே கார் சாவியை வாங்கிடுவாரு. நாப்பத்தெட்டு வயசுல எனக்கு யாரு சார் புதுசா ஸ்டியரிங் குடுப்பா?"

ஐம்பத்தோரு வயதுக்காரர் பேனாவை மூடினார். சீட்டைக் கோப்பில் செருகாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இருபத்து மூன்று வருஷத்தில் எண் போடாமல் அவர் வைத்த முதல் சீட்டு அது.

அன்று சாயங்காலம் மனைவி துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று மாசமாகச் சொல்லாததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். பீரோ, சாண், சீட்டு, காது, எல்லாம்.

"அவ்வளவுதானா? இந்த ஒரு சாணுக்கா இத்தனை நாளா என்கிட்டகூட வாயைத் திறக்கலை?" மனைவி சட்டைப்பைச் சீட்டை வாங்கிப் படித்தார். "காதுல குத்துச்சுன்னு எழுதியிருக்கே, நெஜமாவா?"

"நானே பார்த்தேன்."

மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தார். இவரும் சிரித்தார். உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள், "என்னம்மா?" என்று குரல் கொடுத்ததும் இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டார்கள்.

"இதைக் குடுத்துடுங்க," என்றார் மனைவி, குரலைத் தாழ்த்தி. "முதலாளின்னா தலையில கொம்பா முளைச்சிருக்கு?"

"குடுத்தா அந்தாளு வேலை போயிடும்."

"குடுக்கலைன்னா?"

அவர் உள் அறைப் பக்கம் திரும்பினார். உள்ளே மகள் பாடத்தைச் சத்தமாகப் படிப்பது கேட்டது.

மனைவி நாளைக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்து, காலர், கை, முதுகு என்று நிதானமாக இஸ்திரி போட்டார். சூடு ஆறியதும் சீட்டை நாலாக மடித்து அதன் பையில் வைத்தார்.

"இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டுப் போங்க. வெளிய எடுக்கறதும் எடுக்காததும் உங்க இஷ்டம். ஆனா எடுக்காம வந்துட்டு அப்புறம் என்கிட்ட புலம்பக் கூடாது. சொல்லிட்டேன்."

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு விசாரணைக் குழு கூடியது. திரை, கதவு, ஃபேன் எல்லாம் முறைப்படி. மேலாளர் அம்மா சீட்டுக் கட்டை எண்ணி முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மொத்தம் இருநூத்தி பதினோரு சீட்டு சார். இருநூத்தி பதினொண்ணுலயும் கொடுத்தவர் ஒரே ஆளுதான்."

"சபாஷ்! யாரு?" முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

"நம்ம பூட்டு சார்தான்."

முதலாளி நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார்.

"மேடம், தேதியைப் பாருங்க," என்றார் பூட்டு. "எதிர்க் கம்பெனி விளம்பரம் வந்தது போன வெள்ளிக்கிழமை. நான் சொன்னதெல்லாம் சனிக்கிழமையிலேருந்துதான்."

முதலாளி மேஜையைத் தட்டினார். "அப்ப விளம்பரம் வந்த பிறகும் நீ நிறுத்தலை!"

"சார், நீங்கதானே சார் என்கிட்ட சொன்னீங்க?"

"நான் ஒரே ஒருத்தன்கிட்ட சொன்னேன்யா. அதுவும் காப்பாத்தறதுக்குன்னு போட்ட ஆளுகிட்ட. நீ இருநூத்தி பதினோரு பேருகிட்ட சொல்லியிருக்க. சொன்னதும் இல்லாம கையெழுத்து வேற வாங்கியிருக்க!"

மேலாளர் அம்மா தலையாட்டினார். "இவ்வளவு ஆதாரத்தோட ஒரு கேஸை நான் பார்த்ததே இல்ல சார். எல்லாம் வரிசை எண்ணோட இருக்கு."

இஸ்திரி மொடமொடப்பு போகாத சட்டைப்பை பூட்டின் நெஞ்சில் உறுத்தியது.

"சார், போன மாசம் பதினேழாம் தேதி சாயங்காலம் உங்க கார்ல குடையை விரிச்சீங்களா?"

முதலாளி முகத்தில் ஒரு விநாடி ஏதோ ஓடியது. உடனே ஓடிப் போய்விட்டது.

"யாரு சொன்னது?"

ஜன்னல் திரையின் ஓரத்தில் ஒரு விரல் அகலம் இடைவெளி இருந்தது. அதன் வழியே கீழே கார் தெரிந்தது. மஞ்சள் துணி கண்ணாடியை மேலும் கீழும் துடைத்துக்கொண்டிருந்தது. ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடி. துடைக்கிற ஆள் இரண்டு தடவை இந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு சொன்னதுன்னு கேட்டேன். சீட்டு இருக்கா?" முதலாளியின் குரல் இப்போது மென்மையாக இருந்தது. "சீட்டு இல்லாம ஒரு ஊசியை நகர விடமாட்டேன்னு நீதானே பீத்திக்குவ. எங்க, காட்டு."

பூட்டின் கை சட்டைப்பை வரைக்கும் போனது. பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கியது.

"இல்ல சார்."

"உறுதியா?"

"சீட்டு இல்ல சார்."

அந்தக் கம்பெனியில் அன்று வரைக்கும் ஒழுங்காகக் காப்பாற்றப்பட்ட ரகசியம் அது ஒன்றுதான். ரகசியக் காப்பு அலுவலர் தன் பதவிக்காலத்தில் செய்த ஒரே வேலை என்றும் சொல்லலாம். துரதிர்ஷ்டவசமாக அதைக் குறிப்பேட்டில் பதிய வழியில்லை.

முதலாளி எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "எனக்கு உன்மேல கோவம் இல்லய்யா. ஒரு நாள் முன்னாடியே ஆளைக் கண்டுபிடிச்சுட்ட. சொன்னதைச் செய்யறவன்னு உன்னைத் தெரியாமலா போட்டேன்?"

"போலீஸ் கீலீஸ்னு எல்லாம் போக வேணாம்னு சார் பெருந்தன்மையா சொல்லிட்டாரு," என்றார் மேலாளர் அம்மா. "நீங்களே ராஜினாமா பண்றதா வச்சுக்கலாம். உங்களுக்குச் சிரமம் வேணாம்னு நாங்களே டைப் பண்ணிட்டோம். கீழ கையெழுத்து மட்டும்."

பூட்டு கடிதத்தை எழுத்து விடாமல் படித்தார். படிக்காமல் கையெழுத்து போட்டுப் பழக்கமில்லை. கடிதம் நன்றாகவே இருந்தது. 'என்னால் நிறுவனத்துக்கு ஏற்பட்ட களங்கத்துக்கு' என்று ஆரம்பித்து 'நன்றியுடன்' என்று முடிந்தது. மற்றதெல்லாம் அச்சில் இருக்க, பெயர் மட்டும் பேனாவால் நிரப்பியிருந்தது. மேலே தேதி போன வெள்ளிக்கிழமை.

"மேடம், தேதி தப்பா இருக்கே. இன்னிக்கு வியாழன்."

"அது டைப் பண்ண தேதி சார். அன்னிக்கே ரெடி பண்ணிட்டோம். பேருக்கு மட்டும் இடம் விட்டிருந்தோம்."

பூட்டு பேனாவால் தேதியைத் திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டு, பிறகு கையெழுத்து போட்டார். நகல் ஒன்று கேட்டார். வெளியே போகிற காகிதத்துக்கு நகல் தருகிற வழக்கம் இல்லை என்றார்கள்.

டிபன் பாக்ஸ், சீப்பு, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த மகளின் போட்டோ. மூன்று மாசத்தில் சேர்ந்தது அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு அவர் கேட்டை நெருங்கியபோது தையல் பிரிவு அக்கா மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, இந்நேரத்துல பையோட?"

'தம்பி' திரும்பி வந்திருந்தது. யாரோ அதற்குள் சொல்லியிருக்க வேண்டும்.

"ஆளைப் பிடிச்சாச்சுக்கா."

"யாருன்னு சொல்றாங்க?"

"நான்தான்."

அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவரைப் பார்த்தார். காவலாளி பெஞ்சை விட்டு எழுந்து நின்றார். தூரத்தில் காருக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி அசையாமல் இருந்தது.

"ஒரு வாரமா ஆபீஸ் பூரா தேடுனீங்களே தம்பி. ஒருத்தரை விடாம கூப்பிட்டு உக்கார வச்சீங்க, என்னைக்கூட விடலை. முதலாளி ரூமுல தேடலையா?"

பூட்டு பையை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"அந்த ரூமுலேருந்து எது வெளிய போனாலும் அதுக்குச் சீட்டு கிடையாதுக்கா."